இருபத்து நான்காம் நாள் லாரி

ஒரே விமானத்துக்கு இரண்டு முதலாளிகள் வாய்த்த கதை இது. விமானத்தின் உடம்பில் எழுதியிருந்த பெயர் பெரிய கம்பெனியுடையது. விமானிகளுக்குச் சம்பளம் கொடுத்ததோ, அதனிடம் ஒப்பந்தம் எடுத்து ஓட்டிய சின்னக் கம்பெனி. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி விமானிகள் சங்கம் சின்னவரிடம் போனால், "பெரியவர் விட்டால்தானே!" என்பார். பெரியவரிடம் போனால், "நீங்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?" என்பார். இப்படி நடந்தே சங்கச் செயலாளர் கேப்டன் பாலகுருவுக்கு ஏழு ஜோடி பூட்ஸ் தேய்ந்தது.

விமானி ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று விதி உண்டு. எதிர்பாராத தாமதம் வந்தால் மட்டும், கேப்டன் ஒரு தாளில் காரணம் எழுதிக் கையெழுத்திட்டு நேரத்தை நீட்டிக்கலாம். சின்னக் கம்பெனியில் அந்தத் தாள் தினசரிப் பேப்பர் மாதிரி வந்துகொண்டிருந்தது. வெறுத்துப்போன நாற்பத்தொரு விமானிகளும் சத்தியம் செய்தார்கள்: இனி யாரும் அதில் கையெழுத்திடுவதில்லை.

பெரியவர் சும்மா இருப்பாரா? "ஒரு மாதத்தில் விமானிகளால் மூன்று விமானம் நின்றால் ஒப்பந்தம் ரத்து" என்றார். அடுத்த இரண்டு நாளில் இரண்டு நின்றாயிற்று.

அன்று தென்கோடியில் ஒரு சின்ன விமான நிலையம். ஓடுபாதையில் மயில் நின்றால் மயிலுக்குத்தான் முன்னுரிமை, அவ்வளவு சின்னது. கேப்டன் ஹெப்சிபாவும் துணை விமானி இசக்கியப்பனும் எரிபொருள் லாரிக்காகக் காத்திருந்தார்கள். லாரி பெரிய கம்பெனியுடையது. அதை முந்திப் போகும் ஆமை, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து விசாரிக்குமாம். இருபத்து மூன்று நாளாகத் தினமும் ஒரு மணி நேரம் தாமதம். அன்றும் அப்படியே வந்தது. சென்னை போய்ச் சேர வேலை நேரம் போதாது.

பெரிய கம்பெனியின் நிலைய மேலாளர் சேஷாத்ரி தாளோடு ஓடி வந்தார். "மேடம், எழுபது பேர் உள்ள விசிறிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒரே ஒரு கையெழுத்து!"

போனில் பாலகுரு: "போட்டுடும்மா. சத்தியம் வாங்கின நானே சொல்றேன். நாற்பத்தோரு குடும்பம்."

இசக்கியப்பன் சீறினார்: "போட்டீங்கன்னா, நாளைக்கு நாம கேஸ் போட்டாலும் கம்பெனிக்காரன் கோர்ட்ல இதத்தான் காட்டுவான் மேடம், 'விரும்பித்தான் பறக்கிறாங்க'ன்னு. சத்தியம்னா சத்தியம்."

ஹெப்சிபா தாளை வாங்கி, காரணம் என்ற இடத்தில் எழுதினார்: 'எரிபொருள் லாரி தாமதம். இன்று இருபத்து நான்காம் நாள்.'

"சார், இது எதிர்பாராததுன்னு நீங்க மொதல்ல கையெழுத்துப் போடுங்க. நானும் போடுறேன்."

சேஷாத்ரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். விமானம் கிளம்பவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். போடச் சொன்ன பாலகுருவா, போடாதே என்ற இசக்கியப்பனா, தாளைத் திருப்பி நீட்டிய ஹெப்சிபாவா? இதில் யார் செய்தது சரி?

விடை: ஹெப்சிபாதான். சத்தியத்தை மீறுவதா காப்பதா என்று மற்ற இருவரும் மல்லுக்கட்டினார்கள். தினமும் வருவது எப்படி எதிர்பாராததாகும்? அப்படியிருக்க, விதிப்படி கையெழுத்திடக் கேப்டனுக்கு உரிமையே கிடையாது. விமானத்தை நிறுத்தியது பெரியவரின் லாரி. அந்தப் பழி விமானிகள் மேல் விழாது. ஒப்பந்தத்தை ரத்து செய்யப் பெரியவரால் முடியவில்லை.

ஆனால் ஒப்பந்தக் கெடு முடிந்ததும் அவர் புதுப்பிக்கவும் இல்லை. வேறொரு சின்னவர் வந்தார். விமானிகள் எல்லோரும் அங்கே புதிதாகச் சேர வேண்டியதாயிற்று. முதலில் சேர்ந்தவரே மூத்தவர். ஒரு வாரம் முந்திச் சேர்ந்த இசக்கியப்பனுக்குக் கேப்டன் இருக்கை. பதினேழு வருடம் கேப்டனாக இருந்த ஹெப்சிபா துணை விமானி.

ஹெப்சிபா விமானி அறைக்குள் வந்ததும், "மேடம்..." என்று இசக்கியப்பன் பதறி எழுந்தார்.

"உக்காருங்க கேப்டன்," என்றார் ஹெப்சிபா.