சிரிச்சாலும் உடையாத கோலம்

ஒரு ஊர்ல ஒரு அரிதாரக்காரி இருந்தா. கூத்து ஆடுறவங்களுக்கு முகத்துல வண்ணம் எழுதுறவ. பேரு பூங்காவனம். அத்தை சொல்றதைக் கேக்குறியா குட்டி?

"ம்."

அந்த ஊர்த் திருவிழாவுல ஒரு ஆத்தோட கதையை ஆடப்போறாங்க. ஆறா வேஷம் கட்டுறவ அல்லி. ஆறுன்னா வளைஞ்சு வளைஞ்சு ஓடணும்ல? அதனால வாசல்ல போடுற சிக்குக்கோலத்தை அல்லியோட முகம், கழுத்து, கை எல்லாத்துலயும் எழுதணும்னு பூங்காவனம் நெனைச்சா. கூத்து வாத்தியார் முறைச்சாரு.

"கோலமாம் கோலம்! மரத்துல முகமூடி வாங்கி வச்சிருக்கேன். உன் கோலம் கெட்டுப்போச்சுன்னா அதை மாட்டிடுவேன். நீ மூட்டையைக் கட்டிக்க."

அப்புறம் பூங்காவனம் அல்லியை அசையாம உக்கார வச்சா. புள்ளி வச்சா, கோடு இழுத்தா, சர்ர் சர்ர்ருனு. அவ்வளவு அழகு. அப்போ அல்லி சிரிச்சா. பொருக்குன்னு வாயோரம் வண்ணம் வெடிச்சுப்போச்சு.

"ஏன் அத்தை?"

கெட்டியாப் பூசிட்டாடா. அழிச்சா. ரெண்டாவது தடவை எண்ணெயை நிறைய ஊத்திக் கலந்தா. வெடிக்கலை. ஆனா அல்லி ஒரு சுத்து ஆடினதும் வழவழன்னு எல்லாம் வழிஞ்சு தாடையில வந்து நின்னுது.

"என்னம்மா, ஆத்துல வெள்ளமா?"ன்னாரு வாத்தியார்.

பூங்காவனம் துணியை எடுத்தா. அதையும் அழிச்சா.

"கன்னம் எரியுதுக்கா"ன்னா அல்லி.

"தண்ணியில மூஞ்சியைக் கழுவிட்டு வந்து உக்காரு."

மூணாவது தடவை அவ வண்ணத்தையே தொடலை. "சிரி"ன்னா. அல்லி சிரிச்சா. "அழு." அழுதா. "கத்து." கத்தினா பாரு, தெருநாயெல்லாம் ஓடிப்போச்சு! பூங்காவனம் பாத்துக்கிட்டே இருந்தா. தரை அசையாது. முகம் அசையும். தரையில வைக்கிற மாதிரியே வரிசையா புள்ளி வச்சது தப்பு. அப்புறம் அசையாத இடமாப் பாத்து, நெத்தி, கன்னமேடு, தோள்பட்டைன்னு எலும்பு மேல புள்ளி வச்சா. மடியிற தோலை வெறுமனே விட்டு, அதை ஒட்டியே கோட்டை ஓட விட்டா. எண்ணெயும் அளவா.

தூங்கிட்டியா?

"...ம்ஹூம்."

சாயங்காலம் மேளம். டண்டணக்க, டண்டணக்க. அல்லி சிரிச்சா, கோலம் விரிஞ்சுது. அழுதா, கோலமும் கூடவே சுருங்குச்சு. ஒரு கோடுகூட அறுபடலை. "ஐயோ, ஆறு அழுவுதே!"ன்னு பொம்பளைங்க மூக்கைச் சிந்தினாங்க.

கூத்து முடிஞ்சதும் வாத்தியார் பூங்காவனத்துக்கிட்ட வந்தாரு. தொண்டையைச் செருமினாரு.

"நாளைக்கு எனக்கும் எழுதுவியா?"

"மொதல்ல சிரிங்க வாத்தியாரே. பாக்கணும்."

அவரு சிரிச்சு எத்தனையோ வருஷமாச்சு. உதட்டை இழுக்குறாரு, இழுக்குறாரு, வரவேயில்லை.

"வரட்டும். நான் இருக்கேன்"னு அவரு எதிர்லயே சம்மணம் போட்டு உக்காந்துட்டா பூங்காவனம்.

குட்டி?

சரி, கதை கரை ஏறிடுச்சு. நீ கண்ணை மூடிக்க.