மூன்று நாள் வலி

“அப்பா வீட்டுல வந்த வலியை அம்மா வீட்டுல சொல்லக் கூடாதுக்கா. அதான் ரூல்.”

புதன்கிழமை காலை, பள்ளி வேனுக்கு நின்ற ஏழு வயது நறுமுகை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இப்படிச் சொன்னது, கதவைப் பூட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா சுகந்தியின் காதில் விழுந்தது. அன்று வேன் நறுமுகை இல்லாமலே போயிற்று. மருத்துவமனையில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஞாயிற்றுக்கிழமை கீழே விழுந்தாளாம்.

விவாகரத்துக்குப் பின் சமரச மையத்தில் முடிவான ஏற்பாடு இது: ஞாயிறு அப்பா வேல்ராஜிடம், மற்ற நாள் அம்மாவிடம். தொடக்கத்தில், “அங்க யாரு வந்தா, என்ன பேசினாங்க?” என்று சுகந்தியும் துருவினாள், வேல்ராஜும் துருவினான். குழந்தை ரத்தம் வருமளவு நகம் கடித்தது. அதைக் கண்ட சமரசர் சாரதாமணி ஒரு விதி சேர்த்தார்: ஒரு வீட்டுச் சேதியை மறு வீட்டில் கேட்கக் கூடாது. பெரியவர்கள் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திடாத நறுமுகைதான் அதைக் கடுமையாகக் காத்தாள்.

அந்த ஞாயிறன்று ஊஞ்சலிலிருந்து விழுந்தவளுக்கு வேல்ராஜ் தைலம் தடவினான். சொன்னால் ஞாயிறும் பறிபோகும் என்று பயந்து, சுகந்தியிடம் வாய் திறக்கவில்லை. திங்களன்று சட்டைப் பொத்தான் போட முடியாமல் மகள் உதட்டைக் கடித்ததைச் சுகந்தி பார்த்தாள். கேட்டால், ‘பழையபடி துருவ ஆரம்பிச்சிட்டா’ என்று பெயர் வரும். பொத்தானை மட்டும் போட்டுவிட்டாள்.

வியாழனன்று எல்லோரும் சமரசர் முன் உட்கார்ந்தார்கள்.

“ஒரு போன் பண்ணக் கூடவா கை வரலை?” என்றாள் சுகந்தி.

“பண்ணியிருந்தா அடுத்த வாரம் பிள்ளையை அனுப்பியிருப்பியா?”

“அந்த விதியை எழுதினது நான்தானே” என்று சாரதாமணி கண்ணாடியைக் கழற்றினார்.

பயந்து மறைத்தவனா, கண்டும் கேளாதவளா, நல்லதை நினைத்து விதி எழுதியவரா? அந்த மூன்று நாள் வலிக்கு முதலில் பொறுப்பேற்க வேண்டியவர் யார்?

விதி எழுதியவர் இரண்டு வீட்டிலும் இல்லை. அப்பன், வலி தைலத்தோடு போயிற்று என்று நம்பிக்கொண்டான். வலியை நேரில் பார்த்து, வலி என்று தெரிந்தே பேசாமல் இருந்தவள் சுகந்தி ஒருத்திதான். அதை அவளே சொன்னாள்.

“இப்பவும் வலிக்குதாடா?” என்று வேல்ராஜ் மகளைக் கேட்டான்.

நறுமுகை அம்மா முகத்தைப் பார்த்தாள்.

சுகந்தி எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், வேல்ராஜுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “எங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லுடா” என்றாள்.