கிளுவை வேர்விட்ட கதை

அந்தக் காலத்தில், மரமும் மாடும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஆடிக்காற்று மலைக் கணவாய் வழியே வந்து இறங்கும் சமவெளியில் ஒரே ஒரு வீடு மிச்சமிருந்தது. கூரை பறிகொடுத்த மற்றவர்கள் எல்லாம் குன்றுக்குப் பின்னால் கூட்டமாகக் குடியேறிவிட்டார்கள். தங்கள் சோளக்காட்டிலேயே தங்கியவர்கள் மயிலாத்தாளும் அவள் புருஷன் பொங்கியண்ணனும்தான்.

அந்த வருஷம் காற்று மேற்குச் சுவரையே தள்ளிவிட்டது. பொங்கியண்ணன் சட்டிபானையை மூட்டை கட்டினான்.

"போயிரலாம் மயிலா. இனி முடியாது."

"போனா சோளத்தை யாருங்க பார்க்கிறது? பன்னி மேஞ்சுட்டுப் போயிரும். அப்புறம் அங்கே உட்கார்ந்து எதைத் தின்கிறது?"

காற்று மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. "இது என் வழி. ஒதுங்கிப் போ" என்றது.

"உன் வழி மேலே இருக்கு. தரையை உழுதது நான்" என்றாள் மயிலாத்தாள்.

"மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறேன். அப்போது வீடே இருக்காது" என்று சொல்லிவிட்டுக் காற்று மலைப்பக்கம் போயிற்று.

வாசலில் மற்ற மாடுகளோடு நின்ற செவலைப்பசு தலையைத் தூக்கியது. "எங்கள் கொட்டகையை வீட்டுக்கு மேற்கே போடு. எங்கள் தோல் தடித்தது, காற்றுக்கு முதுகு காட்டி நிற்போம். எங்களுக்குக் கிழக்கே நீங்கள் ஒண்டிக்கொள்ளுங்கள். வாசலையும் கிழக்கே வையுங்கள்."

அப்படியே செய்தார்கள். ஆனால் கொட்டகைக்கு முன்னால் காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. காட்டோரத்தில் ஒற்றைக் கிளுவைமரம் நின்றது. மயிலாத்தாள் கொடுவாளோடு அதன் அடியில் போய் நின்றாள்.

"உன் கிளையெல்லாம் வேணும். வெட்டினா நீ செத்துருவே. கேட்காம வெட்ட மனசு வரலே."

கிளுவை தன் கிளைகளை ஒருமுறை அசைத்துப் பார்த்தது. பிறகு சொன்னது: "காற்று ஒடித்துப் போட்டு விழுவதைவிட நீ வெட்டுவது மேல். ஆனால் என்னைத் தரையில் கிடத்தாதே. ஒவ்வொரு கொம்பையும் நிமிர்த்தி நடு. நின்றபடியே சாகிறேன்."

பொங்கியண்ணன் மூட்டையை அவிழ்த்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தான். அவன் குழி தோண்டத் தோண்ட, அவள் வெட்டி வெட்டி நட்டாள். கொட்டகையும் வீடும் உள்ளே அடங்க, தோட்டத்தைச் சுற்றி வேலி எழுந்தது.

காற்று திரும்பி வந்தது. சுவராக இருந்திருந்தால் தள்ளியிருக்கும். கொம்புகள் வளைந்து கொடுத்தன, இடைவெளிகளில் புகுந்த காற்று கிழிந்து போயிற்று. மாடுகள் காற்றுக்குக் காட்டிய முதுகை அசைக்கவே இல்லை. வீட்டுக்குள் வந்து சேர்ந்தபோது அதற்கு அடுப்புச் சாம்பலைக் கிளப்பும் பலம்தான் மிஞ்சியிருந்தது.

"அடுத்த ஆடிக்கு வருவேன்" என்றது.

"வா. நாங்க இங்கேதான் இருப்போம்" என்றாள் மயிலாத்தாள், களியைக் கிண்டிக்கொண்டே.

மழை விழுந்ததும் வேலியைப் பார்க்கப் போனாள். கொம்புக்குக் கொம்பு தளிர். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"செத்துருவேன்னு சொன்னியே?"

"நிமிர்ந்து நின்ற பிறகு சாகத் தோன்றவில்லை" என்றது கிளுவை.

அன்றிலிருந்துதான் கிளுவைக் கொம்பை எங்கே வெட்டி நட்டாலும் வேர்விடுகிறது. அந்தப் பக்கத்துக் காடுகளில் கொட்டகை மேற்கும் வாசல் கிழக்குமாகத் தனித்தனி வீடுகள் நிற்கின்றன. காற்றும் ஆடிக்கு ஆடி வந்து, மோதிப் பார்த்துவிட்டுப் போகிறது.