தவில்காரர் இல்லாத ஊர்வலம்

இந்த வழக்கில் திருடனும் இல்லை, பொய்யனும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது. நல்லவர்களே சேர்ந்து ஒரு நல்லவளின் பெயரைக் கெடுத்த கதை இது. சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் விடை தானே வரும். நடுவில் போனைப் பார்ப்பவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

பண்ருட்டியில் தணிகாசலம் என்று ஒரு கொலு பொம்மை வியாபாரி. கடை என்று பெயருக்கு ஒரு கூடம், விற்பனையெல்லாம் இணையத்தில்தான். பெட்டி கட்ட மூன்று பெண்கள். அவர்களில் மூத்தவள் தில்லைநாயகி, ஆறு வருட அனுபவம். அவள் கட்டிய பெட்டியில் ஒரு பொம்மைக்கு மூக்கு உடைந்தது என்று பேச்சே வந்ததில்லை. சுண்டுவிரல் அளவுப் பொம்மைகளை அவள் மற்றவற்றோடு போட மாட்டாள். துணி சுற்றி வைக்க அவற்றுக்கென்று ஒரு பத்திரமான இடம் கண்டுவைத்திருந்தாள். பெட்டியோடு போகும் அச்சடித்த சீட்டில், பட்டியலுக்குக் கீழே, பேனாவால் ஒரு வரியும் எழுதி அனுப்புவாள்.

அந்தச் சீட்டைத்தான் போன வருடக் கொலு முடிந்ததும் தணிகாசலம் நிறுத்தினார். காரணம் இல்லாமல் இல்லை. யாரோ சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிய பரிசுப் பெட்டியில் சீட்டு விலையோடு போய்ச் சேர்ந்து, "எங்க தகுதி இவ்வளவுதானா?" என்று அங்கே பெரிய மனஸ்தாபம். விருந்துக்குக் கூப்பிட்டு இலை ஓரத்தில் விலை எழுதி வைத்தது போல் ஆகிவிட்டதே என்று மனிதர் நொந்துபோனார்.

"எல்லா விவரமும் வாங்குனவங்க போனுக்குப் போயிடுது. பெட்டிக்குள்ள எதுக்குக் காகிதம்?" என்றார்.

"அடியில நான் ஒரு வரி எழுதுவேனேண்ணே?" என்றாள் தில்லை.

"அதையெல்லாம் யாரு படிக்கிறா?"

முதலாளி சொன்னால் சரி என்று அவளும் விட்டுவிட்டாள்.

இந்த வருடம் மஸ்கட்டில் வேலை பார்க்கும் சங்கரலிங்கம், தென்காசியில் வாழ்க்கைப்பட்ட தங்கை வடிவாம்பாளுக்குக் கல்யாண ஊர்வல செட் ஒன்று அனுப்பச் சொன்னான். புகுந்த வீட்டில் அவளுக்கு அது முதல் கொலு. பொம்மைகள் மொத்தம் பன்னிரண்டு. ஊர்வலத்துக்கு முன்னால் பூசணிக்காய் பருமனில் ஒரு யானை. பார்க்கத்தான் பாரம், காகிதக்கூழில் செய்தது, உள்ளே வெறும் கூடு, அடியில் வைக்கோல் அடைத்த ஒரு துளை.

பெட்டி டேப் பிரியாமல், மூலை நசுங்காமல் வந்தது. மாமியார் பார்க்க வடிவு பிரித்தாள். யானையைத் துடைத்து மேல்படியில் நிறுத்தினாள். பெட்டியில் கிடந்த வைக்கோலை இரண்டு தடவை உதறிப் பார்த்தாள். அண்ணன் சொல்லியிருந்தது பன்னிரண்டு, பெட்டியில் பதினொன்றுதான் இருந்தது. நாதஸ்வரக்காரர் இருக்கிறார், தவில்காரரைக் காணோம்.

"மேளமில்லாம என்னடி ஊர்வலம்?" என்றார் மாமியார். சாதாரணமாகத்தான் சொன்னார். வடிவுதான் முதல் கொலுவிலேயே இப்படியா என்று மறுபடி வைக்கோலைக் கிளறினாள்.

அவள் கணவர் மளிகைக் கடைக்காரர், எடை விஷயத்தில் எமகாதகர். பெட்டி, வைக்கோல், பொம்மை எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் ஏற்றினார். கூரியர்காரர் பெட்டிமேல் எழுதிய எடை அப்படியே இருந்தது. "வழியில யாரும் எடுக்கல. அங்கயே வைக்காம விட்டுருக்காங்க" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

தங்கை அண்ணனிடம் சொல்ல, அண்ணன் மஸ்கட்டிலிருந்து தணிகாசலத்தைக் கூப்பிட்டான். "என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா" என்றான்.

தணிகாசலம் தில்லையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் மனம் நோகுமே என்று கேட்கவில்லை. எப்பேர்ப்பட்ட நல்ல மனசு பாருங்கள். கேட்பதற்குப் பதிலாக மறுநாள் ஒரு கேமரா வாங்கி மாட்டினார். மூன்று மேசை இருக்க, அவள் மேசைக்கு மேல் மட்டும்.

"இது எதுக்குண்ணே?"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

தில்லை அன்றைய பெட்டிகளைக் கட்டி முடித்து, கைப் பசையைக் கழுவிக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு அது. "கேமரா வச்சுப் பிடிச்சாங்களாமே" என்று தெரு பேச ஆரம்பித்தது. அவமானத்தில் அவள் வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வடிவு எண்ணியது சத்தியம். தில்லை பன்னிரண்டையும் வைத்தது சத்தியம். தராசும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் தவில்காரர் எங்கே? பிழை யாருடையது: குறை சொன்ன வடிவுடையதா, எழுதுவதை விட்ட தில்லையுடையதா, நல்லது நினைத்துச் சீட்டை நிறுத்திய தணிகாசலத்துடையதா?

விடை: விஜயதசமியன்று கொலு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். வடிவு யானையைச் சாய்த்தாள். அடைத்திருந்த வைக்கோல் நழுவி, துணி சுற்றிய தவில்காரர் அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தார். யானை வயிறுதான் தில்லையின் பத்திரமான இடம். அண்ணன் போனில் பன்னிரண்டு என்ற எண்ணிக்கை இருந்தது, எது எங்கே என்பது இல்லை. பெட்டியைப் பிரித்த தங்கையிடமோ ஒன்றுமே இல்லை. தில்லை ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதியிருக்கலாம், அது சின்னப் பிழை. பெரிய பிழை தணிகாசலத்துடையதே. விலையை மட்டும் எடுத்திருந்தால் போதும். அவர் சீட்டையே எடுத்தார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. வடிவு போன் செய்து அழுததும் தணிகாசலம் தன் கையாலேயே கேமராவைக் கழற்றிக்கொண்டு, தெரு பார்க்கத் தில்லையின் வீட்டுக்குப் போய் நின்றார். "பெட்டியில சீட்டு வச்சா வரேன்" என்றாள் அவள். இப்போது அந்தக் கடைப் பெட்டி ஒவ்வொன்றிலும் சீட்டு இருக்கிறது. அதில் விலை கிடையாது. பொம்மைகளின் பெயர் இருக்கும், கட்டியவள் பெயர் இருக்கும், கல்யாண ஊர்வலமானால் அடியில் பேனாவால் ஒரு வரியும் இருக்கும்: "தவில்காரர் யானைக்குள் இருக்கிறார்."