வண்டி வரும் வழி

இது நான் நேரில் பார்த்ததில்லை. அன்றைக்கு ஆட்டோ ஓட்டியவர் சொல்லக் கேட்டது. அவர் சொன்னதற்கு மேல் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கோதண்டம் தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது எழுபத்திரண்டு. ஊர் நடுவே இருந்த எண்பது வருடத்துப் பழைய நிலையத்தை மூடிவிட்டு, வண்டிகளை பைபாஸ் பக்கம் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பழையதை இடித்துக் கடைகள் கட்ட நகராட்சி முடிவு செய்தது. அதைக் காப்பாற்றச் சொல்லி அவர் போடாத மனு இல்லை. தியானத்தில் உட்கார்ந்தாலும் அந்தச் சிவப்புக் கதவுகள்தான் வந்து நிற்கும்.

அவருடைய குரு தில்லையம்மாள், அவரைவிட இருபது வயது இளையவர்.

"அம்மா, அந்த நிலையம் நிலைக்குமா?" என்று அவரிடம் கேட்டார் கோதண்டம்.

"வாங்க, போய்ப் பார்க்கலாம்."

ஆட்டோ நிலையத்தின் வாசலில் போய் நின்றது. இருவரும் இறங்கினார்கள்.

"வாசலை மறிக்காதப்பா. தள்ளி நிறுத்து."

"உள்ளே பூனைதான் குட்டி போட்டிருக்கு பெரியவரே. அது எப்படியும் பூந்து போயிடும்."

"தள்ளி நிறுத்துன்னா நிறுத்து."

ஆட்டோ நகர்ந்தது. கோதண்டம் திரும்பிப் பார்த்தால், கதவுக்கு நேர் எதிரே குரு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

குருவைப் போய் எழுந்திருக்கச் சொல்வதா? இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார்.

"அம்மா, அங்க உட்காரக் கூடாது. கொஞ்சம் இப்படி வாங்க."

"ஏன்?"

"வண்டி வரும்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கதவில் தொங்கிய பூட்டு துருப்பிடித்திருந்தது.

குரு சிரிக்கவில்லை. எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, அவர் காட்டிய இடத்தில் போய் நின்றார்.

"நிலைக்குமான்னு கேட்டேனே அம்மா."

"இடிச்சு முடிச்சதும் என்னை இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க ஐயா. எங்க உட்காரக் கூடாதுன்னு அப்பவும் சொல்லுங்க."



போன மாதம் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தேன். கட்டடம் இல்லை. வரிசையாகக் கடைகள். அவற்றுக்கு முன்னால் தள்ளுவண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. நடுவில் ஓரிடம் மட்டும் காலி. காலால் அளந்தேன்; பதினோரு அடி இருக்கும்.

"தள்ளி நில்லுங்க, வண்டி வரும்," என்றார் பூ விற்கும் அம்மாள்.

யாரோ ஒரு பெரியவர் சொல்லிவைத்தாராம். எந்த வண்டி என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை.