திரும்பி வராத ஒரு கம்பு

ஒரு ஊர்ல ஒரு காடு. சும்மா காடு இல்ல கண்ணு, வாசல்ல இரும்பு கேட்டு போட்ட சர்க்காரு காடு. மரத்தை வெட்டக்கூடாது, மானைத் தொடக்கூடாது. ஆனா ஜனங்க டிக்கெட் வாங்கிட்டு உள்ள போயி அருவியைப் பாக்கலாம், காத்து வாங்கலாம். பொழுது சாயறதுக்குள்ள வெளிய வந்துடணும். அப்புறம் ஆனைங்க தண்ணி குடிக்க வரும்ல? எங்க, ம் சொல்லு. ம்.

அந்தக் கேட்டுக்கு ஒரு காவக்காரன். நஞ்சப்பன்னு பேரு. பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, மகளைக் கட்டிக்குடுத்த ஊரு ரொம்பத் தூரம். பகலெல்லாம் அவன்கிட்ட அருவி எந்தப் பக்கம், கக்கூஸ் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நீ சாப்பிட்டியான்னு ஒருத்தர் கேக்க மாட்டாங்க. பாவம்.

அவன்கிட்ட ஒரு வழக்கம். உள்ள போறவங்க கையில ஆளுக்கு ஒரு மூங்கில் கம்பு குடுப்பான். பாதை வழுக்கும்ல, ஊனிக்கிட்டு நடக்க. திரும்பி வந்ததும் வாங்கி, கேட்டோரத்துப் பலகை ஓட்டையில டொக்குனு சொருகிடுவான். ஓட்டையெல்லாம் நிறைஞ்சா உள்ள ஆளில்லைன்னு அர்த்தம். கிரீச்ச்னு கேட்டைச் சாத்திடுவான்.

வெளிய ராமாத்தான்னு ஒரு அக்கா வேகவச்ச கடலை விப்பா. கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பறப்ப, "எல்லாரும் வந்தாச்சா?"ம்பா அவ. "வந்தாச்சுக்கா"ம்பான் இவன். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் விடியற வரைக்கும் அவன் வாயைத் திறக்க வேலையே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் பாக்கறான், ஒரு ஓட்டை காலி! "உள்ள ஒருத்தர் இருக்காங்கக்கா"ன்னு ராமாத்தாகிட்ட சொல்லிட்டு, டார்ச்சை எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு ஓடினான்.

மொதல்ல அருவிக்குப் போனான். தண்ணி ஜோன்னு கொட்டுது. "ஓய்ய்ய்... யாருங்க?"ன்னான். ஆளைக் காணோம்.

அப்புறம் பாறை முனைக்குப் போனான். காத்து உஸ்ஸுங்குது. "ஓய்ய்ய்... யாருங்க?" யாருங்கன்னு மலைதான் திருப்பிச் சொல்லுச்சு. ம்?

அப்புறம் மூணாவதா, மானுக்கு உப்பு வைக்கிற மரத்தடிக்குப் போனான். அங்க கம்பு சாஞ்சு நிக்குது! பக்கத்துல யாருமில்ல. கீழ டார்ச் அடிச்சான். செருப்புத் தடம். தன் காலை அது மேல வச்சான். கச்சிதமா உக்காந்துச்சு.

காலையில உப்பு மூட்டை தூக்கிட்டு வந்தது யாரு? அவனேதான். தன் கம்பு ஒடிஞ்சு போச்சுன்னு பலகையிலருந்து ஒன்னை உருவிட்டு வந்து, இங்க சாய்ச்சு வச்சுட்டு, காலிச் சாக்கோட திரும்பிட்டான் மண்டு!

மொதல்ல சிரிச்சான். அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. 'வர்றவங்க போறவங்களை எல்லாம் நான் பாக்கறேன். நான் திரும்பலைன்னா யாரு பாப்பா? எனக்குன்னு ஒரு ஓட்டைகூட இல்லையே'ன்னு தோணுச்சு. அங்கயே உக்காந்து அழுதான்.

அப்போ மடக்குனு ஒரு கிளை ஒடிஞ்சுது. ஆனை! கம்பைப் புடுங்கிக்கிட்டு எடுத்தான் ஓட்டம். தட தட தட தட...

கேட்டாண்ட வந்தா, ஒரு சிம்னி விளக்கு எரியுது. ராமாத்தா கடலைக் கூடையோட உக்காந்திருக்கா. கடைசி பஸ் எப்பவோ போயிருச்சு.

"எல்லாரும் வந்தாச்சா?"ன்னா.

"வந்தாச்சுக்கா. நான் ஒருத்தன்தான் பாக்கி."

"அது தெரிஞ்சுதான உக்காந்திருக்கேன்."

டொக்குனு கம்பைச் சொருகினான். அவ மிச்சக் கடலையை அவன் கையில கொட்டிட்டு, பின்னால வந்த பால் வண்டியில ஏறிப் போயிட்டா. திரும்பவும் அவன் தனிதான். ஆனா கடலை சூடா இருந்துச்சு.

மறுநாள் பலகை ஓரத்துல புதுசா ஒரு ஓட்டை போட்டான். அதுல தனக்குன்னு ஒரு கம்பு, செவப்புக் கயிறு கட்டி. அன்னையிலருந்து ராமாத்தா அந்தக் கயித்தைப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவா.

ம்? எங்க, ம் காணோம்?

சரி. கம்பெல்லாம் வந்தாச்சு, கேட்டும் சாத்தியாச்சு. தூங்கு கண்ணு, நான் இங்கதான் இருக்கேன்.