இரண்டாய்ப் போன மாப்பிள்ளை

இது நான் நேரில் பார்த்ததில்லை. கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த சுடலைமணி சொன்னான். அவனுக்கு அவன் சித்தப்பா சொன்னாராம். கேட்டபடியே எழுதுகிறேன்.

பூசணிக்குறிச்சியில் மாசிலாமணிக்குப் பெண் தேடினார்கள். அவனிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அது போகாத வீடில்லை. போன வீட்டிலிருந்தெல்லாம் திரும்பி வந்தது. கன்னத்து மச்சம்தான் காரணம் என்று அவன் தாய்மாமன் வெயிலுமுத்து நினைத்தார். கடைசியாகச் சொர்ணக்கிளி என்ற பெண்ணின் வீட்டார் போட்டோ கேட்டிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இனி யாரையும் கேட்கப் போவதில்லை என்று மாசிலாமணி சொல்லிவிட்டான்.

அவன் கூட்டாளி சங்கிலிராசு டவுனுக்குப் போயிருந்தபோது, ஒரு ஸ்டுடியோவில் முகம் துண்டு துண்டாக விலகி நிற்கும் படம் ஒன்றைப் பார்த்தான். எப்படிச் செய்வது என்று கேட்டான்.

"ரொம்ப சுலபம் தம்பி. படத்தை நீளவாக்குல பட்டை பட்டையா வெட்டு. ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்து, கொஞ்சம் மேல நகத்தி ஒட்டு. ஆளே வேற ஆளா ஆயிருவாரு."

அவன் ஊருக்கு வந்ததும் மாமாவோடு மூன்று பேருமாகப் படத்தை வெட்டினார்கள். மேலே நகர்த்தச் சொன்னதால் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று விட்டு ஒன்றை எடுத்து அட்டையில் நெருக்கி ஒட்டினார்கள். ஒல்லியாக ஒரு மாசிலாமணி வந்தான். முகத்தில் மச்சம் இருந்தது.

"விட்டதை என்ன செய்ய?" என்றான் சங்கிலிராசு.

"அதையும் ஒட்டுல. சோத்துப்பசை மிச்சம் கெடக்கு" என்றார் வெயிலுமுத்து.

ஒட்டினார்கள். இன்னொரு ஒல்லி மாசிலாமணி வந்தான். அவனுக்கு மச்சம் இல்லை.



"மாமா, இவன் யாரு?" என்றான் மாசிலாமணி.

"வேற ஆளு. அதான் ஸ்டுடியோக்காரரே சொல்லியிருக்காரே."

"அப்ப எந்தப் படத்தை அனுப்ப?"

"வீட்டுல ரெண்டு பேரு இருக்கையில ஒருத்தனை மறைச்சா நாளைக்குப் பேச்சு வரும். ரெண்டையும் அனுப்பு."

பெண் வீட்டிலிருந்து பதில் வந்தது. மச்சமில்லாதவரையே பிடித்திருக்கிறது, பெண்ணின் அப்பா நேரில் பார்க்க வருகிறார்.

மாசிலாமணி வீட்டுக்குள் போய் ஜன்னலருகே நின்று அழுதான்.

"அழாதடா மாப்ளே. மொதல்ல அவன் கல்யாணம் முடியட்டும். அடுத்து ஒனக்குப் பாப்போம்" என்றபடி மாமா வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார். கட்டை கட்டையான மரக்கம்பிகள் வைத்த ஜன்னல் அது. ஒரு கம்பி மச்சத்தை மறைத்தது.

"ஏலே சங்கிலி, அந்தா நிக்கான்ல மச்சமில்லாதவன்."

"இத்தனை நாளா நம்ம வீட்டுக்குள்ளயா இருந்தான்?"

"மாசிலாமணி, நீ அசையாதே. அசைஞ்சா அவன் ஓடிருவான்."

அசையாமலே அவன் நின்றான். பெண்ணின் அப்பாவும் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"படத்துல இருக்க மாதிரியே இருக்காரு. சாப்பாடு மட்டும் கொஞ்சம் கூடிருச்சு போல." ஓர் அடி தள்ளி நின்றார். "இவரு யாரு?"

"தம்பி" என்றார் மாமா.

அவர் பழைய இடத்துக்கே வந்தார். "தம்பி எங்க?"

"உள்ள போயிட்டான். கூச்ச சுபாவம்."

"நல்ல பிள்ளை. அண்ணன் கல்யாணப் பேச்சுன்னதும் ஒதுங்கிட்டாரு பாருங்க."

கல்யாணம் முடிவானது. மச்சமில்லாதவன் ஜன்னலை விட்டு வரமாட்டான் என்பதால் ஜன்னலையே சுவரிலிருந்து பெயர்த்து மணவறைக்குத் தூக்கிப் போனார்கள். மாசிலாமணி கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத் தாலி கட்டினான். அக்கினியைச் சுற்றும்போது மாமாவும் சங்கிலிராசுவும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினார்கள்.

பந்தியில்தான் சிக்கல் வந்தது. சாப்பிடுவதற்காக ஜன்னலைக் கீழே வைத்தார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாசிலாமணியைப் பார்த்ததும் சொர்ணக்கிளி மரியாதையாக எழுந்து நின்றாள்.

"கொழுந்தனாரே, ஒங்க அண்ணனைப் பாத்தீகளா? எலை போட்டாச்சு."

மாசிலாமணி இலையை விட்டு எழுந்து ஜன்னலைத் தூக்க ஓடினான்.

சுடலைமணி சொன்னது இவ்வளவுதான். இதை எழுத ஆரம்பித்த பிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொய்யை எழுதிவிடக் கூடாதே என்று பஸ் ஏறிப் பூசணிக்குறிச்சிக்குப் போனேன். அந்த வீட்டுச் சுவரில் ஜன்னல் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. ஜன்னல் கூடத்துக்கு நடுவில் முட்டுக் கொடுத்து நின்றது. அதன் பின்னால், கன்னத்தில் மச்சமுள்ள ஒருவர் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"மாசிலாமணி அண்ணன் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

அடுப்படியிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"நீங்க நிக்கிற எடத்துல கொழுந்தனாருதான் இருப்பாக. கொஞ்சம் இந்தப் பக்கமா தள்ளி நில்லுங்க தம்பி, அவுக வந்துருவாக."

தள்ளி நின்றேன். வந்துவிட்டார்.